மூக்கின் கூரையில் திரும்பி வரும் புற்றுநோய்: கட்டியைத் தேடிப் போகும் கதிரியக்க மருந்து எப்படி வேலை செய்கிறது?

மூக்கின் உட்புறம் மேலே போய் முடியும் இடத்தில், இரு கண்களுக்கும் நடுவே, சின்னச் சின்னத் துளைகள் நிறைந்த மெல்லிய எலும்புத் தகடு ஒன்று இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் மூளை. மணத்தை உணரும் நரம்பு இழைகள் அந்தத் துளைகள் வழியாகத்தான் மூக்கிலிருந்து மூளைக்குப் போகின்றன. அங்குள்ள மணமுணர் படலத்தில் அபூர்வமாக உருவாகும் புற்றுநோய்தான் ஆல்ஃபாக்டரி நியூரோபிளாஸ்டோமா, அதாவது மணநரம்புக் கட்டி. எஸ்தீசியோநியூரோபிளாஸ்டோமா என்ற பழைய பெயரும் மருத்துவ அறிக்கைகளில் இன்னும் வருகிறது. இரண்டும் ஒரே நோய்தான். 1924-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் இதை முதன்முதலில் விவரித்தார்கள். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்குக்கூட வராத அளவுக்கு அரிதானது.

குழந்தைகளுக்கு அட்ரினல் சுரப்பியை ஒட்டி வரும் நியூரோபிளாஸ்டோமா வேறு, இது வேறு. பெயர் ஒத்திருப்பதால் இணையத்தில் தேடுகிறவர்கள் அந்த நோயின் விவரங்களைப் படித்துவிட்டு வீணாகக் கலங்கிப்போகிறார்கள். இரண்டின் போக்கும் சிகிச்சையும் தனித்தனி.

இந்த நோய் முதல் சிகிச்சைக்குப் பிறகு மறுபடி வந்து, அறுவை சிகிச்சைக்கும் வழக்கமான கதிர்வீச்சுக்கும் வழி குறைந்துவிட்ட நிலையில் மருத்துவர்கள் சிலருக்கு ஒரு சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார்கள். லுட்டீசியம்-177 என்ற கதிரியக்கத் தனிமத்தை ஒரு சிறு புரதத் துண்டில் பிணைத்து ரத்தத்தில் செலுத்துவது. சுருக்கமாக பிஆர்ஆர்டி என்பார்கள். இதைப் பற்றிக் கேள்விப்பட்டதும் பெரும்பாலானவர்கள் கேட்கும் கேள்வி, "இந்த மருந்து நல்ல மருந்தா?" என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "எனக்கு இருக்கும் கட்டி இந்த மருந்துக்குக் கதவைத் திறக்குமா?" சிகிச்சையின் பலனில் பெரும்பங்கு இந்த இரண்டாவது கேள்விக்கான பதிலைப் பொறுத்தது. அதற்குப் பதில் சொல்ல ஒரு ஸ்கேன் இருக்கிறது. அந்த ஸ்கேனைப் புரிந்துகொண்டால் சிகிச்சையில் பாதி புரிந்த மாதிரி.

திரும்பி வந்தால் ஏன் சிக்கல்

ஆரம்பத்தில் இந்தக் கட்டி சாதாரண மூக்கடைப்பு போலத்தான் தெரியும். ஒரு பக்க மூக்கு மட்டும் விடாமல் அடைத்திருக்கும். அவ்வப்போது ரத்தம் வடியும். வாசனை தெரியாமல் போகலாம். சளி, சைனஸ், சதை வளர்ச்சி என்று மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்ட பிறகே பலருக்கு உண்மை தெரிகிறது. ஒரு பக்கம் மட்டும் நீடிக்கும் அடைப்பும் ரத்தமும் எப்போதுமே காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப் விட்டுப் பார்க்க வேண்டிய அறிகுறி. இந்த நோய்க்காக மட்டும் சொல்லவில்லை, பொதுவாகவே.

முதல் சிகிச்சை பெரும்பாலும் அறுவை சிகிச்சை. மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டோ, தேவைப்பட்டால் மண்டையோட்டையும் திறந்தோ கட்டியை எடுப்பார்கள். அந்தத் துளை எலும்பையும், சில நேரம் மூளையை மூடியிருக்கும் உறையில் ஒரு பகுதியையும் சேர்த்தே எடுக்க வேண்டி வரும். அதன் பிறகு வெளியிலிருந்து கதிர்வீச்சு. கட்டி பெரிதாக இருந்தாலோ வேகமாக வளரும் வகையாக இருந்தாலோ கீமோவும் சேரும். சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடு என்ற ஜோடி அதிகம் பயன்படுகிறது. இந்த இரண்டு பெயர்களும் பிறகு மறுபடி வரும்.

இப்படி முழுமையான சிகிச்சைக்குப் பிறகு பலர் நீண்ட காலம் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் இந்த நோயின் சுபாவம் வேறு. ஐந்து ஆண்டு தாண்டிவிட்டால் ஆபத்து நீங்கியது என்று பல புற்றுநோய்களில் சொல்வதை இதில் சொல்ல முடியாது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் திரும்பி வருகிறது. அதே இடத்தில் வரலாம், கழுத்தில் நெறி கட்டியதுபோல நிணநீர் முடிச்சுகளில் வரலாம், மூளை உறையில் தனித்தனி முடிச்சுகளாக வரலாம், எலும்பு, நுரையீரல் என்று தொலைவிலும் போகலாம்.

இரண்டாவது முறை வரும்போது இடநெருக்கடிதான் பெரிய எதிரி. முதல் அறுவை சிகிச்சையின் தழும்புத் திசு எல்லாவற்றையும் ஒட்டவைத்திருக்கும். கதிர்வீச்சுக்கும் கணக்கு உண்டு. பார்வை நரம்புகள், அவை சந்திக்கும் இடம், மூளைத்தண்டு ஒவ்வொன்றும் வாழ்நாளில் இவ்வளவு கதிர்வீச்சைத்தான் தாங்கும். முதல் முறையே அதில் பெரும்பங்கு செலவாகியிருக்கும். மறுபடி அதே இடத்தில் கொடுத்தால் பார்வை போகலாம், மூளைத் திசு நலிந்துபோகலாம். இனி அந்தப் பக்கமிருந்து கதிரைப் பாய்ச்ச முடியாது என்றால், ரத்தத்தின் வழியே கட்டிக்குள்ளேயே கொண்டுபோய் விடலாமா? பிஆர்ஆர்டி பற்றிய யோசனை தொடங்குவது இங்கேதான்.

கட்டியின் மேல் இருக்கும் ஏற்பி

நம் உடலில் சொமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோன் இருக்கிறது. 1973-ல் கண்டுபிடிக்கப்பட்டது. பல சுரப்பிகளின் வேலையை அடக்கி வைப்பது இதன் பணி. அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் சில செல்களின் மேற்பரப்பில் இருக்கின்றன. ஏற்பிகளில் ஐந்து வகை உண்டு. நமக்கு முக்கியமானது இரண்டாம் வகை. குடல், கணையத்தில் வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் (ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து உருவாகுபவை) இந்த ஏற்பியைத் தங்கள் மேல் அளவுக்கு மீறி வைத்திருக்கும். மணநரம்புக் கட்டியும் நரம்பு சார்ந்த செல்களிலிருந்து வருவது என்பதால், இதிலும் பெரும்பாலான நோயாளிகளிடம் அதே ஏற்பி காணப்படுகிறது. குடலில் வரும் ஒரு கட்டிக்காக உருவான மருந்தை மூக்கில் வரும் கட்டிக்கு யோசிப்பதற்குக் காரணம் இதுதான். இங்கே கட்டி உடம்பில் எங்கே இருக்கிறது என்பதைவிட, அதன் மேல் என்ன இருக்கிறது என்பதே முக்கியமாகிவிடுகிறது.

இயற்கையான சொமாட்டோஸ்டாட்டின் ரத்தத்தில் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. அதனால் அதே ஏற்பியைப் பிடிக்கும், எளிதில் சிதையாத செயற்கை வடிவம் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். மருந்தை ஒரு பார்சலாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செயற்கைப் புரதத் துண்டுதான் மேலே எழுதிய விலாசம். உள்ளே இருக்கும் சரக்கு லுட்டீசியம்-177. இரண்டையும் பிரியாமல் கட்டி வைப்பது டோட்டா என்ற மூலக்கூறு. மூன்றும் சேர்ந்ததே லுட்டீசியம் டோட்டாடேட்.

கதிரியக்கப் பொருளை உடலுக்குள் செலுத்துவது என்றால் பயம் வருவது இயல்பு. ஆனால் இது நேற்று முளைத்த யோசனை இல்லை. தைராய்டு நோய்களுக்கு 1940-களிலிருந்தே கதிரியக்க அயோடின் கொடுத்து வருகிறார்கள். தைராய்டு செல்லுக்கு அயோடினை இழுத்துக்கொள்ளும் குணம் தானாகவே இருந்ததால் அங்கே தனியாக விலாசம் எழுத வேண்டியிருக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ரத்தத்தில் சுற்றிவரும் மருந்து கட்டியின் ஏற்பியில் ஒட்டிக்கொண்டதும், செல் அந்த ஏற்பியோடு சேர்த்து அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போன லுட்டீசியம் சிதையும்போது பீட்டா துகளை வெளியிடுகிறது. அது பாயும் வழியில் செல்லின் மரபணு இழைகளை உடைக்கிறது. உடைந்ததைச் சரிசெய்ய முடியாத செல் இறக்கிறது, அல்லது இனிப் பிரிந்து பெருக முடியாமல் போகிறது. லுட்டீசியத்தின் பீட்டா துகள் திசுவுக்குள் அதிகபட்சம் சுமார் 2 மில்லிமீட்டர்தான் போகும். பெரும்பாலானவை அதற்கு முன்பே நின்றுவிடும். பார்வை நரம்பை ஒட்டி உட்கார்ந்திருக்கும் கட்டிக்கு இந்தக் குறுகிய தூரம் ஒரு வரப்பிரசாதம். அதே சமயம் ஒரு செல்லைத் தாண்டிப் பக்கத்துச் செல்களையும் தொடும் அளவுக்கு நீளமானது என்பதால், கட்டிக்குள் ஏற்பி இல்லாத சில செல்கள் ஒளிந்திருந்தாலும் அவற்றுக்கும் அடி விழும்.

ஒரு தவணையின் அளவு 7.4 கிகாபெக்கரல். செலுத்தும் நேரத்தில் அதில் வினாடிக்கு 740 கோடி அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கும். ஆனால் பொருளின் எடை மிக மிகக் குறைவு. கண்ணுக்குத் தெரிவது நிறமற்ற திரவம் மட்டுமே. லுட்டீசியம்-177-ன் அரை ஆயுள் சுமார் 6.7 நாள். நான்கு வாரத்தில் கதிரியக்கம் பதினாறில் ஒரு பங்காகத் தானாகவே குறைந்துவிடும். உடலில் ஒட்டாமல் சுற்றும் மருந்து அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. பாதிக்கும் மேல் முதல் இரண்டு நாளில் சிறுநீரோடு போய்விடும்.

அந்த ஸ்கேன்

இதே விலாசத்தில் லுட்டீசியத்துக்குப் பதிலாக காலியம்-68 வைத்து அனுப்பினால் அது சிகிச்சை செய்யாது. படம் மட்டும் எடுத்துத் தரும். அதன் அரை ஆயுள் 68 நிமிடம். கையில் ஊசி போட்டு, சுமார் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, பெட் ஸ்கேன் எடுப்பார்கள். எந்தெந்த இடத்தில் ஏற்பி இருக்கிறதோ அதெல்லாம் படத்தில் பளிச்சென்று தெரியும். எங்கே காலியம் போய்ச் சேர்ந்ததோ அங்கேதான் லுட்டீசியமும் போய்ச் சேரும் என்பதால், சிகிச்சையின் பாதையை முன்கூட்டியே கண்ணால் பார்த்துவிடுகிறோம். புற்றுநோய் மருத்துவத்தில் மருந்து கொடுப்பதற்கு முன்பே "இது கட்டிக்குப் போய்ச் சேருமா?" என்று பார்க்கும் வாய்ப்பு அதிகம் கிடைப்பதில்லை. இந்தச் சிகிச்சையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

எவ்வளவு பளிச்சென்று தெரிந்தால் போதும்? அளவுகோல் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. கல்லீரல் இயல்பாகவே கொஞ்சம் மருந்தைப் பிடிக்கும். கட்டி கல்லீரலைவிடத் தெளிவாகப் பிரகாசித்தால் சிகிச்சைக்கு ஏற்றது என்பது பொதுவான வழக்கம். மண்ணீரல் இன்னும் அதிகமாகப் பிடிக்கும். கட்டி அதையும் மிஞ்சினால் மிகச் சாதகம். இதை 0 முதல் 4 வரை கிரென்னிங் மதிப்பெண் என்று அறிக்கையில் எழுதுவார்கள். 3 அல்லது 4 என்று பார்த்தால் அதன் பொருள் இதுதான்.

மூக்கின் கூரைப் பகுதியில் இந்தப் படத்தைப் படிக்கும்போது கவனிக்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு. பிட்யூட்டரி சுரப்பி அந்த இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கிறது. அது ஆரோக்கியமாக இருந்தாலும் படத்தில் பிரகாசிக்கும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆறிக்கொண்டிருக்கும் சவ்வும், அழற்சியும்கூட லேசாகத் தெரியலாம். மூளை உறையில் ஒரு முடிச்சு பளிச்சென்று தெரிந்தால் இன்னொரு குழப்பம் வரும். மெனிஞ்சியோமா என்ற, பெரும்பாலும் சாதுவான மூளை உறைக் கட்டியும் இதே ஏற்பியை ஏராளமாக வைத்திருக்கிறது. திரும்பி வந்த நோயா, சம்பந்தமில்லாத மெனிஞ்சியோமாவா என்று பெட் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாமல் போகலாம். எம்ஆர்ஐயையும் பழைய படங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதும், தேவைப்பட்டால் பயாப்சி எடுப்பதும் இதனால்தான். பழைய சிடி, எம்ஆர்ஐ குறுந்தகடுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய படத்தில் அதே முடிச்சு அதே அளவில் இருந்தால் கதையே மாறிவிடும்.

இன்னொரு ஸ்கேனும் பெரும்பாலும் சேர்ந்தே கேட்கப்படும். சர்க்கரையோடு இணைத்த எஃப்டிஜி பெட் ஸ்கேன். வேகமாக வளரும் செல்கள் சர்க்கரையை அதிகம் விழுங்கும் என்பதால், அவை இதில் தெரியும். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும்போது, எஃப்டிஜியில் கொழுந்துவிட்டு எரியும் ஒரு முடிச்சு டோட்டாடேட் படத்தில் (முன்பு சொன்ன காலியம் ஸ்கேனில்) இருட்டாக இருந்தால் மருத்துவர்கள் யோசிப்பார்கள். அந்த முடிச்சு வேகமாக வளரும் ரகம், மருந்தோ அங்கே போகாது. நுண்ணோக்கியின் கீழ் இந்தக் கட்டியை ஹையம்ஸ் முறையில் நான்கு தரமாகப் பிரிப்பார்கள். தரம் கூடக் கூட இப்படிப்பட்ட இருட்டு முடிச்சுகளுக்கான கவலையும் கூடும். உடம்பில் பத்து முடிச்சு இருந்து ஒன்பது பிரகாசித்தாலும், இருட்டாக இருக்கும் அந்த ஒன்றே அடுத்த வருஷத்தைத் தீர்மானிக்கக்கூடும்.

நோயின் பெயரே சரிதானா என்பதையும் இந்தக் கட்டத்தில் உறுதி செய்துகொள்வது நல்லது. மூக்குக்குள் வரும் அரிய கட்டிகள் பல ஒன்றுபோலவே தோற்றமளிக்கும். வேறு வகைப் புற்றுநோய் இந்தப் பெயரில் எழுதப்படுவதும், இது வேறு பெயரில் எழுதப்படுவதும் நடக்கிறது. பயாப்சி ஸ்லைடுகளை இந்த வகைக் கட்டிகளை அதிகம் பார்த்த நோயியல் நிபுணரிடம் இரண்டாவது முறை காட்டச் சொல்லிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். எந்த நல்ல மருத்துவரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மருந்து ஏறும் நாள்

வழக்கமான திட்டம் நான்கு தவணை, எட்டு வார இடைவெளியில். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் ரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனை உண்டு. ஏற்கெனவே ஆக்ட்ரியோடைடு போன்ற, சொமாட்டோஸ்டாட்டினின் ஏற்பியையே பிடிக்கும் நீண்டகால ஊசி போட்டுக்கொள்பவர்கள் சில வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஏற்பிகளில் அது முன்கூட்டியே இடம் பிடித்துக்கொள்ளும்.

அன்றைய தினம் நடப்பதை வெளியிலிருந்து பார்த்தால் பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் இருக்காது. கையில் ஊசிக்குழாய் பொருத்தி, முதலில் வாந்தியைத் தடுக்கும் மருந்து. பிறகு ஒரு டிரிப் ஏறத் தொடங்கும். அது கதிரியக்க மருந்து இல்லை. லைசின், அர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் கலந்த திரவம். அரை மணி நேரம் கழித்து, ஈயக் கவசத்துக்குள் இருக்கும் சிறு புட்டியிலிருந்து லுட்டீசியம் மருந்து ஏறத் தொடங்கும். அது சுமார் அரை மணியில் முடிந்துவிடும். ஆனால் அமினோ அமில டிரிப் மொத்தம் நான்கு மணி நேரம் ஓடும்.

கூடவே இவ்வளவு நேரம் ஓடும் அந்த டிரிப் சிறுநீரகத்துக்காக. மருந்து சிறு புரதத் துண்டு என்பதால் சிறுநீரகம் அதை வடிகட்டிவிட்டு, வீணாக்கக் கூடாது என்று அதன் குழாய்களில் மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். அப்படி உறிஞ்சினால் கதிரியக்கம் அங்கேயே தங்கிவிடும். லைசினும் அர்ஜினினும் அதே உறிஞ்சும் வழியில் போட்டி போட்டு மருந்தை வெளியே தள்ளுகின்றன. இதனால் சிறுநீரகத்துக்குப் போகும் கதிர்வீச்சு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. அன்றைக்கு வயிற்றைப் புரட்டினால் அதற்குக் காரணமும் பெரும்பாலும் இந்த அமினோ அமிலம்தான், லுட்டீசியம் இல்லை. இது தெரியாமல், "முதல் நாளே இப்படிக் குமட்டுகிறதே, இந்தக் கதிர்வீச்சை உடம்பு தாங்குமா?" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. டிரிப் நின்றதும் பெரும்பாலும் அதுவும் அடங்கிவிடும். வாந்தி வந்தால் செவிலியரிடம் உடனே சொல்லிவிடுங்கள். டிரிப் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பார்கள்.

லுட்டீசியம் பீட்டாவோடு சேர்த்துக் கொஞ்சம் காமா கதிரையும் வெளியிடும். அதை வைத்து மருந்து ஏறிய பிறகு ஒரு படம் எடுக்கலாம். சிகிச்சை எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ நேரடியாகவே தெரிந்துவிடும். மருந்து முழங்கையிலேயே கசிந்து நின்றுவிடவில்லை, கட்டிக்குப் போயிருக்கிறது என்று அந்தப் படத்தில் பார்ப்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் பெரிய நிம்மதி.

அதே காமா கதிர்தான் வீட்டுக்குப் போன பிறகு சில நாள் கட்டுப்பாடுகளுக்கும் காரணம். தண்ணீர் நிறையக் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிப்பது, ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது, இரண்டு முறை ஃப்ளஷ் செய்வது, கை கழுவுவது, தனியாகப் படுப்பது, கர்ப்பிணிகளிடமிருந்தும் சிறு குழந்தைகளிடமிருந்தும் தள்ளியிருப்பது. எத்தனை நாள் என்பது இடத்துக்கு இடம் மாறும். உங்கள் மருத்துவமனை எழுதித் தருவதையே பின்பற்றுங்கள். குழந்தையை மடியில் வைக்க முடியாத அந்த நாட்கள் சிலருக்கு ஊசியைவிட வேதனையாக இருக்கும். முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. விமான நிலையங்களில் உள்ள கதிரியக்கக் கருவிகள் சில வாரங்கள் வரைகூட ஒலிக்கக்கூடும் என்பதால், பயணம் இருந்தால் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கருத்தரிப்பைத் தவிர்ப்பதற்கும் கால வரம்பு உண்டு: கடைசித் தவணைக்குப் பிறகு பெண்களுக்கு 7 மாதம், ஆண்களுக்கு 4 மாதம். குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பவர்கள் முன்பே சொல்லியாக வேண்டும்.

உடம்பு கொடுக்கும் விலை

கீமோ எடுத்தவர்கள் இதை ஒப்பிட்டால் பொதுவாக எளிதாகத்தான் உணர்கிறார்கள். களைப்பு சில நாள் இருக்கும். பெரிய அளவில் முடி கொட்டுவதில்லை. ரத்த வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சில வாரங்களில் குறைந்து, பெரும்பாலும் அடுத்த தவணைக்குள் மீண்டுவிடும். மீளாவிட்டால் அடுத்த தவணையைத் தள்ளிப்போடுவார்கள் அல்லது அளவைக் குறைப்பார்கள்.

அலட்சியப்படுத்தக் கூடாதவை இரண்டு. ஒன்று எலும்பு மஜ்ஜை. நூறில் சுமார் இரண்டு பேருக்கு, சில ஆண்டுகள் கழித்து, ரத்த அணுக்களை ஒழுங்காக உருவாக்க முடியாத மைலோடிஸ்பிளாசியா என்ற தீவிர நோய் வந்திருக்கிறது. அது ரத்தப் புற்றுநோயாகவும் மாறலாம். இன்னொன்று சிறுநீரகம். இங்கேதான் முன்பு சொன்ன அந்த இரண்டு கீமோ மருந்துகள் கணக்கில் வருகின்றன. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது, எட்டோபோசைடு மஜ்ஜையை அழுத்தக்கூடியது. முதல் சிகிச்சையில் இரண்டையும் நிறைய வாங்கியவர் பிஆர்ஆர்டிக்கு வரும்போது, சேதம் தாங்கும் சக்தி ஏற்கெனவே கொஞ்சம் குறைந்திருக்கும். எந்தக் கீமோ, எத்தனை சுற்று, எந்த ஆண்டு என்ற பழைய டிஸ்சார்ஜ் தாள்களை அணு மருத்துவப் பிரிவில் கேட்பது சம்பிரதாயத்துக்காக அல்ல.

இந்தக் கட்டி உட்காரும் இடம் காரணமாகத் தனியாக ஒரு எச்சரிக்கையும் உண்டு. கதிரியக்கம் வேலை செய்யத் தொடங்கும்போது கட்டி தற்காலிகமாக வீங்கலாம். வயிற்றில் இருக்கும் கட்டி ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் யாருக்கும் தெரியாது. மூளையையோ கண்குழியையோ அழுத்திக்கொண்டிருக்கும் கட்டிக்கு அந்த ஒரு மில்லிமீட்டரே பெரிய விஷயம். அப்படிப்பட்டவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பதுண்டு. தலைவலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ, இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, வலிப்பு வந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. உடனே போக வேண்டும்.

என்ன எதிர்பார்க்கலாம்

இந்த மருந்துக்கான வலுவான ஆதாரம் மூக்குக் கட்டியிலிருந்து வரவில்லை. 2017-ல் வெளியான நெட்டர்-1 என்ற ஆய்வில், நடுக்குடல் நியூரோஎண்டோகிரைன் கட்டி உள்ள 229 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். 20 மாதம் கழித்து நோய் வளராமல் இருந்தவர்கள் லுட்டீசியம் பிரிவில் சுமார் 65 சதவீதம். அதிக அளவு ஆக்ட்ரியோடைடு பிரிவில் சுமார் 11 சதவீதம். பெரிய வித்தியாசம். அதே ஆய்வில் கட்டி கணிசமாகச் சுருங்கியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? லுட்டீசியம் பிரிவில் 18 சதவீதம் மட்டுமே. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். இந்தச் சிகிச்சையின் முதன்மையான பலன் கட்டி மறைவது அல்ல, வளராமல் நிற்பது. ஸ்கேன் அறிக்கையில் "மாற்றமில்லை" என்று பார்த்ததும் வீட்டில் எல்லோர் முகமும் தொங்கிப்போவது வழக்கம். முந்தைய ஆறு மாதம் வளர்ந்துகொண்டிருந்த கட்டி அடுத்த ஒரு வருஷம் அப்படியே நிற்கிறது என்றால், அது மருந்து வேலை செய்ததற்கான அடையாளம்.

இந்த ஆய்வுக்குப் பிறகு 2017-ல் ஐரோப்பாவிலும் 2018-ல் அமெரிக்காவிலும் குடல், கணைய நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்கு லுட்டீசியம் டோட்டாடேட் அனுமதி பெற்றது. மணநரம்புக் கட்டி அந்த அனுமதியில் இல்லை. மருத்துவர்கள் தங்கள் பொறுப்பில், நோயாளியின் சம்மதத்தோடு கொடுப்பது இது. மணநரம்புக் கட்டியில் இதைக் கொடுத்த அனுபவம் தனிப்பட்ட நோயாளிகளின் அறிக்கைகளாகவும் சிறு குழுக்களின் விவரங்களாகவும்தான் இருக்கிறது. அவற்றில் கட்டி சுருங்கியவர்கள் உண்டு, பல மாதம் நிலைத்தவர்கள் உண்டு, சிகிச்சையின் நடுவிலேயே நோய் முன்னேறியவர்களும் உண்டு. இரு பிரிவாகப் பிரித்து ஒப்பிட்ட பெரிய ஆய்வு இல்லை. இவ்வளவு அரிய நோயில் அதற்குப் போதிய ஆள் சேர்ப்பதே கடினம். நன்றாக வேலை செய்த கதைகளே அதிகம் எழுதப்படும் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு அவற்றைப் படிப்பது நல்லது.

இதனால் இந்த முடிவை ஒரு மருத்துவர் தனியாக எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காது மூக்கு தொண்டை, மூளை அறுவை, கதிர்வீச்சு, கீமோ, அணு மருத்துவம், நோயியல் என்று எல்லோரும் ஒரே மேசையில் படங்களைப் பார்க்கும் கூட்டத்தில் உங்கள் பெயர் வந்ததா என்று கேளுங்கள். மீண்டும் அறுவை சிகிச்சை செய்து முழுதாக எடுக்க வாய்ப்பு இருந்தால் அதைத்தான் முதலில் பேச வேண்டும். ஏற்பி பிரகாசிக்கிறது என்பதற்காக மட்டும் பிஆர்ஆர்டிக்குத் தாவ வேண்டியதில்லை. மறுபுறம், உடம்பு முழுக்கத் தளர்ந்து, மஜ்ஜை ஓய்ந்த பிறகு கடைசி முயற்சியாக இதை வைத்துக்கொள்வதும் சரியில்லை. அந்த நிலையில் நான்கு தவணையையும் முடிப்பதே சிரமமாகிவிடும்.

லுட்டீசியத்துக்குப் பதிலாக ஆக்டினியம்-225 போன்ற ஆல்ஃபா துகள் தரும் தனிமங்களை இதே விலாசத்தில் அனுப்பும் ஆய்வுகள் நடக்கின்றன. ஆல்ஃபா துகள் திசுவில் சில செல்கள் அளவு தூரமே போகும். ஆனால் அந்தச் சின்ன தூரத்துக்குள் மரபணு இழையை மிகக் கடுமையாக உடைக்கும். மூக்குக் கட்டிக்கு இது எவ்வளவு உதவும் என்பது ஆய்வுகளுக்குள் இருக்கும் விஷயம். வழக்கமான சிகிச்சையாக எண்ணிக் காத்திருக்கும் கட்டம் இன்னும் வரவில்லை.

நான்காவது தவணை முடிந்த பிறகு சில மாதம் விட்டு மறுபடி எம்ஆர்ஐயும் டோட்டாடேட் ஸ்கேனும் எடுப்பார்கள். கதிரியக்கத்தின் வேலை மெதுவானது என்பதால், முடித்த உடனே எடுக்கும் படத்தைவிட இது நம்பகமானது. ரத்தப் பரிசோதனையும் சிறுநீரகப் பரிசோதனையும் ஆண்டுக்கணக்கில் தொடரும். நோய் ஒரு வருஷமோ அதற்கு மேலோ நின்றிருந்து பிறகு மீண்டும் நகரத் தொடங்கினால், கட்டி இன்னும் பிரகாசித்தால், மஜ்ஜையும் சிறுநீரகமும் இடம் கொடுத்தால், இன்னும் இரண்டு தவணை கொடுக்கும் வழக்கம் குடல் கட்டிகளில் இருக்கிறது. மூக்குக் கட்டியிலும் அதே மூன்று விஷயங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.